தோண்டும் முன்பே மூடுவதையும் யோசிப்பது: சுரங்கத் தொழிலில் நீடித்த வளர்ச்சி என்றால் என்ன?

சென்னையில் ஆயிரம் சதுர அடியில் ஒரு வீடு கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மேல்தளம் ஐந்து அங்குல கனம். 1:1.5:3 என்ற வழக்கமான கலவையில் போட்டால், அந்த ஒரு தளத்துக்கு மட்டும் சுமார் 350 கன அடி ஜல்லி வேண்டும். கல்லை உடைத்துச் செய்யும் மணலான எம்-சாண்ட் அதில் பாதி. லாரிக் கணக்கில் சொன்னால் மூன்றரை யூனிட் ஜல்லி, ஒன்றே முக்கால் யூனிட் எம்-சாண்ட். ஜல்லியின் எடை மட்டுமே 15 டன்னை நெருங்கும். அஸ்திவாரம், தூண், பீம், பூச்சு எதுவும் இன்னும் கணக்கில் வரவில்லை. சிமென்டுக்கான சுண்ணாம்புக்கல், கம்பிக்கான இரும்புத்தாது, வயருக்குள் இருக்கும் செம்பு இவையும் வரவில்லை.

இத்தனையும் எங்கோ ஒரு குழியிலிருந்து வந்தவைதான். சென்னைக்கு வரும் கருங்கல்லில் பெரும்பகுதி செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டக் கல்குவாரிகளில் வெட்டப்படுகிறது. சிமென்டுக்கான சுண்ணாம்புக்கல்லுக்கு அரியலூர். மின்சாரத்தில் ஒரு பங்குக்கு நெய்வேலி. உலகம் முழுக்க மணலும் ஜல்லியுமாக ஆண்டுக்குச் சுமார் 5,000 கோடி டன் எடுக்கப்படுவதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டிருக்கிறது. தண்ணீருக்கு அடுத்தபடியாக மனிதர்கள் அதிகம் எடுத்துப் பயன்படுத்தும் பொருள் இதுதான்.

இந்தக் குழிகள் எப்படித் தோண்டப்பட வேண்டும், யாருக்கு எவ்வளவு இழப்பு, தோண்டி முடித்த பிறகு என்ன ஆக வேண்டும் என்பதைப் பற்றிய பேச்சுதான் 'சுரங்கத் தொழிலில் நீடித்த வளர்ச்சி'.

நீடித்த வளர்ச்சி என்ற கருத்துக்கு எல்லோரும் மேற்கோள் காட்டும் வரையறை 1987-ல் வந்தது. நார்வேயின் பிரதமராக இருந்த குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட் தலைமையிலான ஐ.நா. ஆணையம் கொடுத்தது. நம் தேவைகளை நாம் நிறைவேற்றிக்கொள்ளலாம். ஆனால் அடுத்த தலைமுறை தன் தேவையை நிறைவேற்றிக்கொள்ள முடியாதபடி செய்துவிடக் கூடாது. சுருக்கமாக இவ்வளவுதான்.

இதைக் கேட்டதும் ஒரு சந்தேகம் வரும், வரத்தான் வேண்டும். மரத்தை வெட்டினால் இன்னொன்று நடலாம். மீன் பிடித்தால் கடலில் மறுபடி குஞ்சு பொரிக்கும். பாறை? பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் இருக்கும் அந்த நீலம் கலந்த கருங்கல்லுக்குப் புவியியலில் சார்னோகைட் என்று பெயர். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் உருவான பாறை அது. கிரஷரில் போட்டு உடைத்துவிட்டால் உடைத்ததுதான். அப்படியிருக்க, சுரங்கத்தில் 'நீடித்தது' என்று எதைச் சொல்வது?

பாட்டி விட்டுப்போன நகையை ஒரு குடும்பம் விற்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். விற்ற பணத்தில் நாலு நாள் விருந்து சாப்பிடலாம். இல்லையென்றால் பிள்ளையைப் படிக்க வைக்கலாம், ஒரு துண்டு நிலம் வாங்கலாம். இரண்டிலும் நகை போய்விட்டது. ஆனால் இரண்டாவது வீட்டில் ஏதோ ஒன்று மிஞ்சியிருக்கிறது. கனிமமும் இந்த மாதிரிச் சொத்துதான். அது தீர்ந்துபோவதைத் தடுக்க முடியாது. அது போன இடத்தில் என்ன மிஞ்சுகிறது என்பதை நாம் தீர்மானிக்கலாம். நிலமும் நீரும் உயிரோடு இருக்கின்றனவா, அங்கே வேலை செய்தவர்களின் நுரையீரல் நன்றாக இருக்கிறதா, பக்கத்து ஊர்க் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, வந்த பணம் எங்கே போனது? நீடித்த சுரங்கம் என்பதை இந்தக் கேள்விகளை வைத்து அளந்தால் குழப்பம் வராது. முக்கியமாக, இவற்றுக்கெல்லாம் பதில் முதல் வெடி வைப்பதற்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். பிறகு யோசித்தால் பெரும்பாலும் காலம் கடந்துவிடும்.

முதல் நாளே முடிவாக வேண்டியவை

ஒரு நல்ல குவாரியில் வேலை எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்த்தால், கல்லிலிருந்து தொடங்காது. மேல்மண்ணிலிருந்து தொடங்கும். மேலே இருக்கும் ஓரிரு அடி மண்ணில்தான் விதைகளும் நுண்ணுயிர்களும் இருக்கின்றன. அதைத் தனியாக வழித்தெடுத்து ஓரமாகக் குவித்து, மழையில் கரையாமல் புல் வளர்த்துக் காப்பாற்றினால், பத்துப் பதினைந்து வருடம் கழித்துக் குழியை மூடும்போது அதையே பரப்பி மரம் வளர்க்கலாம். அதைக் கழிவோடு கழிவாகக் கொட்டிவிட்டால், பின்னால் எவ்வளவு செலவு செய்து கன்று நட்டாலும் வெறும் கல்தூளில் அது பிழைக்கப் பெரும்பாடு படும்.

அடுத்து, வெட்டும் விதம். பாறையை நேர்குத்தாக வெட்டக் கூடாது. படிப்படியாக இறக்க வேண்டும். இந்தப் படிகளைத் தொழிலில் 'பெஞ்ச்' என்பார்கள். படி அமைத்து இறங்கினால் பாறை சரிந்து ஆள் மேல் விழாது. வேலை முடிந்த பிறகு தவறி விழுந்தவர் ஏறி வரவும் வழி இருக்கும். சென்னையைச் சுற்றியுள்ள பழைய கல்குட்டைகளைப் பார்த்தவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்று தெரியும். கரையிலிருந்து ஒரு அடி வைத்தால் அடுத்த அடிக்கு ஆழம் தெரியாது. சுவர் நேராக நிற்கும், பிடித்து ஏற ஒன்றும் கிடையாது. கோடை விடுமுறையில் குளிக்கப் போன பிள்ளைகள் இறந்த செய்தி வராத வருடம் அரிது. படி வைத்து வெட்டியிருந்தால், வேலி போட்டு மூடியிருந்தால், தவிர்த்திருக்கக்கூடிய சாவுகள் அவை. இதை எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

வெடி வைப்பதிலும் முறை இருக்கிறது. எல்லாத் துளைகளையும் ஒரே நொடியில் வெடிக்காமல், மில்லி விநாடி இடைவெளி விட்டு ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கச் செய்தால் நில அதிர்வு குறையும். ஊருக்குள் வீட்டுச் சுவர் விரிசல் விடுவதும் குறையும். தமிழ்நாட்டு விதிகளின்படி, மக்கள் குடியிருக்கும் இடத்திலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்குக் குத்தகை தரக் கூடாது.

தூசி விஷயத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கல்தூளில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ் வரும். பெரும்பாலும் பல வருடம் கழித்துத்தான் மூச்சிரைப்பு தெரியும், குணப்படுத்த மருந்து இல்லை. துளை போடும்போதே தண்ணீர் விட்டுப் போடுவது, கிரஷரை மூடி வைத்து இயக்குவது, வண்டிப் பாதையில் தண்ணீர் தெளிப்பது, லாரிக்குத் தார்ப்பாய் கட்டுவது என எல்லாமே சாதாரண வேலைகள். செலவும் பெரிதில்லை. செய்யாமல் விட்டால் விலை கொடுப்பவர் அங்கே கூலிக்கு நிற்கும் ஆள்.

இவற்றோடு மூடல் திட்டம். இரும்புத்தாது, சுண்ணாம்புக்கல் போன்ற முக்கியக் கனிமங்களைப் பொறுத்தவரை, சுரங்கத் திட்டத்தோடு சேர்த்து அதை எப்படி மூடப்போகிறோம் என்ற திட்டத்தையும் கொடுக்க வேண்டும், அதற்கு ஒரு நிதி உத்தரவாதமும் கட்ட வேண்டும் என்பது இந்தியாவில் சட்டம். 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. சுரங்கம் முடிந்த நிலத்தில் மறுபடி புல் வளர்த்து, கால்நடைக்குத் தீவனம் விளையும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையாகவே சேர்க்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 2016-லிருந்து சுரங்கங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரத் தரமும் கொடுக்கிறார்கள். நட்சத்திரங்களை நம்புவதை விட மூடல் திட்டத்தைப் படித்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும்.

தண்ணீர்

சுரங்கத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் தெரிந்துகொள்ள நேரமிருக்கிறது என்றால், தண்ணீரைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு குழி நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போனதும் சுற்றியுள்ள நீர் அதற்குள் ஊறி வரத் தொடங்கும். வேலை நடக்க வேண்டுமே, மோட்டார் வைத்து இறைப்பார்கள். இறைக்க இறைக்கச் சுற்றுவட்டாரக் கிணறுகளின் மட்டம் இறங்கும். நெய்வேலியில் இது மிகப் பெரிய அளவில் நடக்கிறது. அங்கே பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் ஓர் ஊற்று நீர்த்தேக்கம் அழுத்தத்தோடு இருக்கிறது. அந்த அழுத்தத்தைக் குறைக்காமல் நிலக்கரியை வெட்டினால், அடியிலிருந்து நீர் பீறிட்டுச் சுரங்கத்தையே மூழ்கடித்துவிடும். அதனால் இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தண்ணீர் அனல்மின் நிலையங்களுக்கும் பாசனத்துக்கும் போகிறது. வறட்சிக் காலங்களில் வீராணம் குழாய் வழியாகச் சென்னைக்கும் வந்திருக்கிறது. நமக்கு அது உதவிதான். ஆனால் கடலூர் மாவட்ட விவசாயி ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஆழமாக்க வேண்டி வருவதையும் அதே தராசில் வைக்க வேண்டும்.

குன்றத்தூர் அருகே சிக்கராயபுரத்தில் கதை வேறு மாதிரி. அங்கே வெட்டி முடித்துக் கைவிடப்பட்ட கல்குவாரிகளில் மழைநீர் தேங்கி நின்றது. 2017-ல் சென்னையின் ஏரிகள் வற்றியபோது குடிநீர் வாரியம் அந்தத் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தது, பம்பு போட்டுச் செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோனது, அங்கிருந்து நகருக்கு விநியோகித்தது. 2019-ல் மறுபடியும் அதே குவாரிகள் கைகொடுத்தன. இரண்டு கோடையில் சென்னைவாசிகள் கல்குவாரித் தண்ணீர் குடித்திருக்கிறோம். கைவிட்ட குழியை நீர்த்தேக்கமாக மாற்றலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை. ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. அந்தக் குவாரிகள் நீர்த்தேக்கமாகத் திட்டமிடப்பட்டவை அல்ல. தண்ணீர் தானாக நின்றது, நெருக்கடியில் நமக்கு ஞாபகம் வந்தது. முதலிலேயே யோசித்து வரத்துக்கால்வாய், வேலி, குப்பை கொட்டத் தடை எல்லாம் செய்திருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும்!

ஆற்று மணல் இதன் மறுபக்கம். மணல் வெறும் கட்டுமானப் பொருள் இல்லை. ஆற்றின் படுகையில் கிடக்கும்வரை அது வெள்ளத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லப் பூமிக்குள் இறக்குகிறது. பாலாற்றில் மாதக்கணக்கில் மேலே நீர் ஓடாது. இருந்தும் படுகையில் தோண்டிய கிணறுகளிலிருந்து தாம்பரம், பல்லாவரம் பக்கம் குடிநீர் வருகிறது என்றால், மணலுக்குள் தண்ணீர் இருப்பதால்தான். அந்த மணலைக் களிமண் தெரியும்வரை அள்ளிவிட்டால் பெய்த மழை ஓடிக் கடலில் சேரும். 2016-ல் மத்திய அரசு வெளியிட்ட மணல் வழிகாட்டு நெறிமுறை 3 மீட்டருக்கு மேலோ நீர்மட்டத்துக்குக் கீழோ தோண்டக் கூடாது என்கிறது. அதற்கு முன்பே, 2012 பிப்ரவரியில், தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், 5 ஹெக்டேருக்கும் குறைவான சிறு குவாரியாக இருந்தாலும் சுற்றுச்சூழல் அனுமதி இல்லாமல் குத்தகை கூடாது என்று சொல்லிவிட்டது. பெரிய குத்தகையைச் சின்னச் சின்னதாகத் துண்டு போட்டு அனுமதியிலிருந்து தப்பிக்கும் வழக்கம் அப்போது நாடு முழுக்க இருந்தது.

பணம் யாருக்கு?

குவாரிக்காரர் வெட்டியெடுக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் அரசுக்கு உரிமத்தொகை கட்டுகிறார். ஆனால் லாரி போகும் சாலையோரம் வசிப்பவருக்குத் தூசியும் சத்தமும்தான் பங்கு. இதைச் சரிசெய்ய 2015-ல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி, ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டக் கனிம அறக்கட்டளை அமைக்க வைத்தார்கள். உரிமத்தொகைக்கு மேல் ஒரு தொகையைச் சுரங்கக்காரர் அதில் போட வேண்டும். 2015 ஜனவரி 12-க்கு முன் பெற்ற குத்தகையாக இருந்தால் முக்கியக் கனிமங்களுக்கு உரிமத்தொகையில் 30 சதவீதம், அதற்குப் பின் ஏலத்தில் எடுத்ததாக இருந்தால் 10 சதவீதம். அந்தப் பணம் சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களின் குடிநீர், மருத்துவம், பள்ளி போன்றவற்றுக்குப் போக வேண்டும். உங்கள் சொந்த ஊர் பக்கம் குவாரி இருந்தால், இந்த நிதியில் என்ன செய்தார்கள் என்று கிராம சபையில் கேட்கலாம், தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டும் வாங்கலாம்.

கோவாவில் இன்னும் ஆழமான ஒரு முடிவு வந்தது. இரும்புத்தாது வழக்கில் 2014 ஏப்ரலில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஆண்டுக்கு 2 கோடி டன்னுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று இடைக்கால உச்சவரம்பு வைத்தது. தாது விற்ற பணத்தில் 10 சதவீதத்தை வருங்காலத் தலைமுறைக்கான நிரந்தர நிதியில் சேர்க்கவும் சொன்னது. இதைத் தமிழ்நாட்டிலும் விரிவாகப் பேச வேண்டும் என்பது என் ஆசை.

அப்புறம், வேண்டாம் என்று சொல்வதும் இந்தக் கருத்துக்குள் அடக்கம். சில இடங்களில் எவ்வளவு கவனமாகத் தோண்டினாலும் இழப்பை ஈடுகட்ட முடியாது. மதுரை அருகே அரிட்டாபட்டி 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அந்த இடத்தையும் உள்ளடக்கிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு 2024-ல் ஏலம் முடிந்தது. ஊர்மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. 2023-ல் காவிரிப் படுகையிலும் அதை ஒட்டியும் இருந்த மூன்று பழுப்பு நிலக்கரித் தொகுதிகளையும் ஏலப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். டங்ஸ்டன் தேவையில்லாத பொருள் என்று யாரும் சொல்லவில்லை. எங்கே எடுப்பது என்பதற்கும் ஓர் எல்லை உண்டு.

நகரத்தின் பங்கு

குறைவாகத் தோண்ட ஒரே வழி குறைவாகக் கேட்பது. இதில் சென்னைக்காரர்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

எம்-சாண்ட் வந்தபிறகு ஆற்று மணலின் மேல் இருந்த அழுத்தம் குறைந்தது உண்மை. ஆனால் எம்-சாண்டும் மலையை உடைத்துத்தான் வருகிறது. ஆற்றின் சுமையை மலைக்கு மாற்றியிருக்கிறோம், சுமை இல்லாமல் போகவில்லை. அதுவும் தரமில்லாத எம்-சாண்ட் வாங்கினால் கட்டடம் சீக்கிரம் பழுதாகி, இடித்துக் கட்ட இன்னொரு மலை வேண்டும். லோடு வந்து இறங்கியதும் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். கண்ணாடிப் பாட்டிலில் பாதிக்கு எம்-சாண்ட் போட்டு, தண்ணீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி, சில மணி நேரம் அசையாமல் வையுங்கள். மணல் அடியில் தங்கும், அதன்மேல் மாவு மாதிரித் தூள் தனியாக ஓர் அடுக்காகப் படியும். அந்த அடுக்கு தடிமனாக இருந்தால், கழுவாத கிரஷர் தூளைக் கலந்து கொடுத்திருக்க வாய்ப்பு அதிகம். பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி உறுதிசெய்யுங்கள். கூடவே டிரைவரிடம் நடைச்சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்தக் குவாரி, எத்தனை யூனிட், எந்தத் தேதி என்று அதில் இருக்கும். சீட்டு இல்லாத லோடு என்றால் உரிமத்தொகை கட்டாமல், அனுமதி இல்லாமல் எடுத்த கல்லாக இருக்கலாம். விலை கொஞ்சம் குறைகிறதே என்று இதில் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் அதிகம்.

இடித்த கட்டடத்தின் கான்கிரீட்டையும் மறுபடி ஜல்லியாக்கலாம். கட்டடக் கழிவை உடைத்துப் பிரிக்கும் ஆலைகளைச் சென்னை மாநகராட்சி பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் அமைத்திருக்கிறது. 2016-ல் திருத்திய இந்தியத் தர நிர்ணயம் 383, கம்பியில்லாத சாதாரணக் கான்கிரீட்டில் ஜல்லியில் 25 சதவீதம் வரையும், எம்25 தரம் வரையிலான கம்பி கட்டிய கான்கிரீட்டில் 20 சதவீதம் வரையும் இப்படி மீட்ட ஜல்லியைச் சேர்க்க அனுமதிக்கிறது. அதாவது, அந்த மேல்தளத்தின் 350 கன அடியில் 70 கன அடி புதுக் கல்லே இல்லாமல் வரலாம். உங்கள் இன்ஜினீயரிடம் கேட்டுப் பாருங்கள். பலருக்கு இந்த அனுமதி இருப்பதே தெரியாது. அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பிபிசி (போர்ட்லாண்ட் போஸோலானா) சிமென்ட்டும் இதே வேலையைச் செய்கிறது. அதில் 15 முதல் 35 சதவீதம் சாம்பல் என்பதால் அந்த அளவுக்குச் சுண்ணாம்புக்கல் மிச்சம்.

கடைசியாக, கருத்துக் கேட்புக் கூட்டம். 500 மீட்டருக்குள் நெருங்கியிருக்கும் குவாரிகளின் மொத்தப் பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால் அவற்றை ஒரே தொகுப்பாக எடுத்துக்கொண்டு, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்து, பொதுமக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே அறிவிப்பு நாளிதழில் வரும். அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழிலும் தர வேண்டும்; கலெக்டர் அலுவலகத்தில் பார்க்கலாம். அந்த ஊரில் வசிக்காதவர்களும், திட்டத்தில் நியாயமான அக்கறை உள்ளவர்கள் என்றால், எழுத்து மூலம் கருத்து அனுப்ப 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை இடம் கொடுக்கிறது. சுருக்கம் கைக்கு வந்ததும் முதலில் இரண்டு எண்களைத் தேடுங்கள்: குழி எத்தனை மீட்டர் ஆழம் போகிறது, அங்கே நிலத்தடி நீர்மட்டம் எத்தனை மீட்டரில் இருக்கிறது. முதல் எண் இரண்டாவதை விடப் பெரிது என்றால், தண்ணீரை எங்கே இறைப்பார்கள், பக்கத்துக் கிணறுகளை யார் அளப்பார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பிறகு மூடல் திட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள், வேலிக்கும் படிகளுக்கும் அதில் பணம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதையும் கேளுங்கள்.